வீடு பார்க்க வருகிறார்கள்

டிரஸ்ட்டில் படிப்புச் செலவுக்கு உதவி கேட்டு மனு போட்டால் வீடு பார்க்க ஆள் வருமாம். வீட்டில் எதைப் பார்ப்பார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. மகள் கிருபாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் அப்பா எங்களை விட்டுப் போய் ஒன்பது வருடமாகிறது. டிரஸ்ட் கைவிட்டால் அவளும் என்னோடு மில்லுக்குத்தான் வரவேண்டும்.

"மிக்சியக்கூட என்ர ஊட்ல கொண்டாந்து வெச்சுரு. பாத்தாப் பாவமா இருக்கோணும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பழனியாத்தாள். டிரஸ்ட்டிலிருந்து போனில் பேசிய பெண்ணோ, "புள்ளைய எப்படி வளத்தறீங்கன்னு பாப்போம்ங்க" என்றாள். இதில் எதைக் கேட்பது? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வீட்டைக் கழுவிவிட்டேன். பழனியாத்தாளிடமே நாற்காலியும் கண்ணாடி டம்ளரும் இரவல் வாங்கினேன். கிருபாவுக்குப் பழனியாத்தாள் மகளின் சுடிதார். பழனியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டிரஸ்ட்டின் ராமாமணி அம்மா காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "ஊட்ட நல்லா வெச்சிருக்கீங்க அம்மணி" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவர் எழுதுவதை எட்டிப் பார்த்த கிருபாவின் முகம் சுண்டிப்போனது.

"வசதி இருக்குதுன்னு எழுதறாங்கம்மா."

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "ஐயோ, நீங்க உக்காந்திருக்கறது, டம்ளரு, புள்ள போட்டிருக்கறது எல்லாம் எரவலுங்கம்மா!"

"அப்ப எதுக்குங்க இப்படி ஏமாத்தோணும்?"

சுருக்கென்றது. வீடு நன்றாக இருந்தால் உதவி இல்லை, உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரி. இவர்களுக்கு நான் எப்படித்தான் இருக்க வேண்டும்? "வாரவங்களத் தரையில உக்கார வெக்கறதுங்களா?" என்றேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவர் தாம் எழுதியதை அடித்தார்.

"எனக்குப் புரியுதுங்க. ஆனா முடிவு என்ர கையில இல்லீங்க. திங்கக்கெழம எங்க தலைவரு வேங்கடசாமி ஐயா நேர்ல வாராருங்க. அன்னிக்கு இந்த நாற்காலி, டம்ளரு ஒண்ணும் வேண்டாமுங்க. இதையெல்லாம் பாத்தா அவரு கையெழுத்துப் போட மாட்டாருங்க."

"சரிங்கம்மா" என்றேன். கிருபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமாமணி அம்மா செருப்பை மாட்டும்போதுதான் கேட்கத் தோன்றியது.

"ஏனுங்கம்மா, ஐயாவுக்கு என்ன வயசுங்க?"

"எம்பதாச்சுங்க. பாவம், முட்டிவலி வேற."

"அப்ப அவர எங்கீங்கம்மா உக்கார வெக்கறது?"

அவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.