வாசலில் நின்ற லாரி

குப்பைக் கிடங்கின் வாசலில் இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள். உள்ளே வரும் லாரி எதுவானாலும் அவற்றின் நடுவே ஊர்ந்துதான் வரவேண்டும். கதிரியக்கம் உள்ள சரக்கென்றால் தூணில் இருக்கும் மெஷினின் மணி காதைக் கிழிக்கும். அந்த வாசலுக்கு அண்ணன்காரன் காவல். உள்ளே கொட்டுகிற குப்பையைப் புல்டோசரால் தள்ளிச் சமன் செய்பவள் தங்கச்சிக்காரி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான்.

வயிற்றில் குழந்தை தங்கியதும், புருஷனுக்கு அடுத்தபடியாக அவள் அண்ணனிடம்தான் சொன்னாள். வேலையை விட்டுவிடட்டுமா என்றும் கேட்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? மணி அடிச்சா ஒரு லாரியும் உள்ள வராது. வாசல்ல நான் இருக்கேன்ல?"

அதற்கு மேல் பேச்சே கிடையாது. அண்ணன் தண்ணீரில் குதி என்றால் ஆழம் கேட்காமல் குதிக்கிற ரகம் அவள்.

தூணை ஒட்டிப் பழுதான லாரி ஒன்று மாதக் கணக்கில் நின்றது. மேலே தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒழுகிய எண்ணெயில் வருகிற வண்டியெல்லாம் சறுக்க, டிரைவர்கள் அண்ணனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, புல்டோசரில் சங்கிலி மாட்டி லாரியைக் கிடங்கின் கோடிக்கு இழுத்துப் போட்டாள். அண்ணன் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவான் என்று நினைப்பு. நினைப்புக்கு என்ன குறைச்சல்!

அடுத்து வந்த லாரிக்கு மணி அடித்தது. அதற்குப் பின்னால் வந்ததற்கும் அடித்தது. இரண்டுமே தினமும் வருகிற லாரிகள். சங்கிலி பட்டு மெஷின் உடைந்துவிட்டதோ, பழி அண்ணன் தலையில் விழுமோ என்று இவள் பயந்தாள். மெஷினைப் பழுது பார்க்கிற மெக்கானிக் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார்; அவரை அவளே கூப்பிட்டாள்.

"மெஷின் நல்லாத்தான்மா இருக்கு. இங்க ஏதாச்சும் நின்னுச்சா?"

"ஒரு ரிப்பேர் லாரி சார். நான்தான் இழுத்துப் போட்டேன்."

மெக்கானிக் கதிரியக்கம் அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் கையில் பிடித்து அந்த லாரியை நோக்கி நடந்தார். அது கத்திய கத்தலில் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

"இப்படி ஒண்ணு பக்கத்துலயே நின்னா, இந்த இடமே இப்படித்தான்னு மெஷினுக்குப் பழகிடும்மா. அப்புறம் வர்ற வண்டியில கொஞ்சநஞ்சம் இருந்தா கண்டுக்காது. யாரோ தெரிஞ்சேதான் நிறுத்தியிருக்காங்க."

அதற்குள் அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தான். மணி ஏன் அடித்தது என்று கேட்கவில்லை.

"லாரியை யாரைக் கேட்டு எடுத்தே?"

அந்த நிமிஷம் வரை, அண்ணனையும் எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாண்ணே?"

"முதலாளி சொன்னாரு, நிறுத்தினேன். தினம் உள்ள வர்றது ஏதோ பழைய அணு உலையை இடிச்ச மண்ணு, ஆஸ்பத்திரிக் கழிவு. ரொம்ப லேசானதுதாண்டி. ஒண்ணும் ஆகாது."

"அதை வயித்துல புள்ளையோட நான்தானே தள்ளிட்டிருக்கேன்?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான். அவள் விடவில்லை.

"எத்தனையோ பேர் வேலைக்கு வந்தாங்களே. எனக்கு ஏன் வாங்கிக் குடுத்தே?"

"கேள்வி கேக்காத ஆளா வேணும்னாரு" என்றான். "எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்திதான்."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேறு யாராவது செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். கூடப் பிறந்தவனை என்னவென்று சபிப்பது?

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றான் அவன்.

"எதைச் சொல்லக் கூடாது? புள்ள நல்லபடியா பொறந்தா சொல்லலாமா? பொறக்கலன்னா என்ன சொல்லணும்? அதையும் நீயே சொல்லிக் குடு."

அவள் புல்டோசரில் ஏறி, அதை வாசலுக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உன் முதலாளியை வரச் சொல்லு. அவர்கிட்டயும் நிறைய கேக்கணும்."