நாத்தனாரின் கோட்டுப் பொத்தான்

பனிக்காலம் பிறந்தால் போதும், என் நாத்தனாரின் கோட்டுக்கு ஒரு வியாதி வந்துவிடும். வாரம் தவறாமல் ஒரு பொத்தான் அறுந்துவிடும்.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தையல் கடைக்கு எதிர் மாடியில் தனியாக இருக்கிறார். கோடையில் பூங்கா பெஞ்சில் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கும். பனி கொட்டத் தொடங்கினால் பெஞ்சும் காலி, தெருவும் காலி. சும்மா வந்து உட்காருங்கள் என்றால் வீம்பு. "எனக்கென்ன குறைச்சல்? டீவி இருக்கு, ஹீட்டர் இருக்கு" என்பார்.

பொத்தான் அறுந்தால் மட்டும் வந்துதானே ஆகவேண்டும். இஸ்திரி மேசை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் நொடியில் தைத்துவிடுவேன்; அவர் ஊர்க்கதையை முடிக்க அரை நாள் ஆகும். அறுந்த நூலின் நுனி கத்தரித்தது போல நேராக இருக்கும். வீட்டுக்காரர் கண்ணில் படுவதற்குள் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவேன்.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவருக்குத் துணியைத்தான் தெரியும், மனுஷியைத் தெரியாது. "நம்ம கடைல தைச்ச பொத்தான் இப்படி அறுந்தா மானம் போகுது" என்று, நான் வெளியே போன நேரம் பார்த்து, தன் அக்காவின் கோட்டில் கெட்டியாக ஜிப் வைத்துக் கொடுத்துவிட்டார். "இனிமே உனக்கு அலைச்சலே இல்லக்கா" என்று பெருமை வேறு.

அலைச்சல் இல்லைதான். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எதிர் மாடியில் பகலெல்லாம் திரை மூடியே கிடந்தது. போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார். நாள் முழுக்க யாரிடமும் பேசாத தொண்டை, கரகரத்தது.

கத்தரிக்கோலை எடுத்து என் கோட்டின் மேல் பொத்தானை நறுக்கென்று வெட்டினேன்.

"என்ன பண்ற நீ?" வீட்டுக்காரர் பதறினார்.

"நீங்க ஜிப் தைங்க" என்று சொல்லிவிட்டு எதிர் மாடி ஏறிக் கதவைத் தட்டினேன்.

"அண்ணி, பொத்தான் அறுந்துபோச்சு. கொஞ்சம் தைச்சுக் குடுங்க."

அவர் நூலின் நுனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்கு நான் தைக்கணுமா?"

"உங்க தம்பிகிட்ட குடுத்தா ஜிப் வச்சிடுவாரு அண்ணி."

சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன அவருக்கு. திரையை விலக்கி, ஹீட்டர் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டார். ஊசியில் நூல் கோக்கவே வெகுநேரம் ஆனது. நான் உதவவில்லை. பஸ் ஓட்டிய கை, பொத்தானைக் கோணலாகத்தான் தைத்தது.

"இது ஒரு வாரம்கூடத் தாங்காது" என்றார்.

"அதுக்குத்தானே அண்ணி உங்ககிட்ட வந்தேன்."