பாகப்பத்திரத்தின் கடைசித் தாள்

பெரியவர் தன் பரம்பரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் மூடாது. இருநூறு வருஷத்துப் பாகப்பத்திரம் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. பழைய கையெழுத்து அவருக்கு விளங்காது. அதனால் பெருமைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இஸ்திரிக்காரிக்கு அந்தப் பெருமையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சங்கதி. பெரியவர் வீட்டுக்கும் அடுத்த தெருவில் அவர் தம்பி வீட்டுக்கும் அவள்தான் துணி தேய்த்துக் கொடுப்பவள். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி ஒன்பது வருஷமாகிறது. ஒரே ஒரு காரியத்துக்குத்தான் ஒன்று சேர்ந்தார்கள். பெரியவர் வீட்டை ஒட்டி இருவருக்கும் பொதுவாகக் கிடந்த பின்மனையில் குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டாரையும் கிளப்பிவிட்டு நிலத்தை விற்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கும்பல் என்று வழக்குப் போட்டார்கள். அதிலும் வக்கீல் மட்டும் ஆளுக்கு ஒருவர்.

அந்தப் பன்னிரண்டில் மூன்றாவது வீடு இஸ்திரிக்காரியுடையது. தலைமுறை தலைமுறையாக அங்கேதான் பிறந்து அங்கேதான் செத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் காகிதம் ஏது? தோற்றால் பெட்டியும் மூட்டையுமாகத் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நீதிபதி மூலப்பத்திரத்தைக் கேட்டார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பாகப்பத்திரத்துக்கு வேளை வந்ததென்று பெரியவர் பூரித்துப்போனார். பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்த எழுத்தர் ஒருவரைக் கூட்டிவந்து, கூடத்தில் உட்காரவைத்து, உரக்கப் படிக்கச் சொன்னார். அந்நேரம் பார்த்து இஸ்திரிக்காரி சட்டை மூட்டையோடு வந்து நின்றாள். அவளைப் போகச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நாற்காலி கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று யாராவது பயப்படுவார்களா?

எழுத்தர் படித்துக்கொண்டே போனார். நிலம், கிணறு, பசு ஆறு. கடைசித் தாளுக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. பின்மனைக் குடிசைகளில் இருக்கும் அடிமை ஆட்கள் பதினொன்று. அதில் கால் ஊனமானவன் அரை ஆள். நெற்றியில் தழும்புள்ளவள் மூத்தவனுக்கு. அவள் வயிற்றில் இருப்பது பிறந்ததும் இளையவனுக்கு. இவர்களும் இவர்கள் சந்ததியும் எந்நாளும் இந்த மனையை விட்டு நீங்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. அதற்குக் கீழே பித்தளை அண்டா இரண்டு.

பசுவுக்கும் அண்டாவுக்கும் நடுவில் இஸ்திரிக்காரியின் வம்சம் கிடந்தது.

பெரியவர் முகம் சுண்டிப்போனது. வெட்கமா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை; வழக்குப் போய்விடுமே என்ற பயம். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே, எங்கள் வீட்டில் அவர்களைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள் என்றார். அடேயப்பா, பெற்ற பிள்ளையை அரை ஆள் என்று எழுதிவைத்த மகராசர்கள்! பிறகு கடைசித் தாளை மட்டும் உருவி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மீதி போதும் கோர்ட்டுக்கு என்றார். கூலிக்கு வந்த எழுத்தர் காசை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

இஸ்திரிக்காரி நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அண்ணன் தும்மினால்கூட அதில் தன் பங்கு ஏதோ போய்விட்டதாக நினைக்கிற ஆள் அவர். சட்டைகளை அடுக்கிவைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்.

"சின்னய்யா, பெரியய்யா பத்திரத்துல கடைசித் தாளை மட்டும் எடுத்துப் பூட்டி வெச்சிட்டாருங்க. இளையவனுக்குன்னு என்னவோ அதுல எழுதியிருக்கு."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் கண் போன போக்கைப் பார்க்கணுமே! என்ன எழுதியிருக்கிறது என்று துளைத்தெடுத்தார். அதெல்லாம் எனக்கெங்கே தெரியும் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாய்தாவில் தம்பியின் வக்கீல் அந்தத் தாளைக் கேட்டு மனுப் போட்டார். முழுப் பத்திரமும் தன் முன்னோர் எழுதியதே, ஒவ்வோர் எழுத்தும் சத்தியம் என்று தம்பி கூண்டில் ஏறிச் சொன்னார். தாள் வந்தது. அதே எழுத்தர் படித்தார். படித்து முடித்ததும் அண்ணன் எழுந்து அந்தத் தாள் போலி என்றார். தம்பிக்குச் சொன்னதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நீதிபதி இருவரையும் பார்த்தார். தாள் பொய்யென்றால் பத்திரமே பொய், நிலம் உங்களுடையது இல்லை. மெய்யென்றால் இவர்களைக் குடிவைத்ததே உங்கள் முன்னோர், அப்புறம் எந்த முப்பது வருஷம் என்று கேட்டார். வழக்கு அன்றே தள்ளுபடியானது.

பின்மனைக்காரர்கள் வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். இஸ்திரிக்காரியால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. வீடு தப்பியது. ஆனால் தன் முன்னோரைக் கட்டிப்போட எழுதிய வரியை வைத்தா தன் வீட்டைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டும்? நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. படியிறங்கிக்கொண்டிருந்த எழுத்தரின் பின்னால் ஓடினாள்.

"அண்ணே, அந்தத் தழும்பு உள்ள அம்மா பேரு என்னன்னு போட்டிருக்கு?"

எழுத்தர் பையிலிருந்து நகலை எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஆளுங்க யாருக்கும் பேரு போடலம்மா. ஆறு பசுவுக்கும் போட்டிருக்கு."