வெள்ளத்தில் கடைப்பலகை

எங்கள் மாடியில் குடியிருந்த தியாகராசாவைப் போல ஜப்பான்காரனுக்குக் குனிய ஜாலான் புசார் தெருவில் ஆள் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர், துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஜப்பான்காரன் வந்த புதிதில், கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டே பாலத்துச் சாவடியில் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்தார் என்று செவிப்பறை கிழிய அறை வாங்கினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் எங்கள் கடைவாசலில் நின்று குனிந்து பழகிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். இடுப்பு மடங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது, கை தொடையை விட்டு நகரக் கூடாது. எங்கள் வரிசைக்கே அவர்தான் கற்றுக்கொடுத்தார். எனக்கு அந்த மனுஷனைக் கண்டாலே எரிச்சல். "கிராணியார் இந்தக் குனியலை அல்லாவுக்குக் குனிஞ்சிருந்தா சொர்க்கமே கிடைச்சிருக்கும்" என்று என் வீட்டுக்காரர் நெய்னா முகம்மதுவிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தச் சித்திரையில் மழை வெறி பிடித்துக் கொட்டியது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, ரோச்சோர் கால்வாய் பொங்கி எங்கள் கடைக்குள் புகுந்தது. கிராணியார் வீட்டில் ஒதுங்கினோம். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் சாலையில் மரவள்ளி மூட்டையும் மண்ணெண்ணெய்த் தகரமும் செத்த பன்றியும் மிதந்து போயின. எதிர்வரிசைச் சீனக் கிழவர் ஒருவரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிறைமாசமாக இருந்த எனக்கு வலி எடுத்தது.

மருத்துவச்சி ஜைனப் பக்கத்து மாடியிலிருந்து கூரைவழியாகவே வந்து வயிற்றைத் தடவினாள். "பிள்ளை குறுக்கே கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலேன்னா ரெண்டு உசிரும் மவுத்துதான்" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளத்தில் ரிக்‌ஷாவா வரும்? கடையை அடைக்கும் பலகைகளில் இரண்டைக் கழற்றிச் சேர்த்துக் கட்டி என்னைப் படுக்க வைத்தார்கள். என் கால்பக்கம் கிராணியார், தலைப்பக்கம் என் வீட்டுக்காரர். துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, மையத்தை அடக்கத்துக்குத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார்கள்.

"தங்கச்சி, பலகையை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் கிராணியார்.

பாலத்தில் கைப்பிடிக் கம்பி மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தப் பக்கம் சாவடி. அதில் ஈ காக்கை இல்லை. காவல்காரன் உயிருக்குப் பயந்து எப்போதோ ஓடிவிட்டிருந்தான். படுத்திருந்த எனக்கே அது தெரிந்தது. சாவடிக்கு நேரே வந்ததும் கிராணியார் நின்றார். அவர் இடுப்பு மடங்கியது. இரண்டு கையும் பலகையை விட்டுவிட்டுத் தொடைக்குப் போயின.

பலகை சரிந்தது. நான் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் விழுந்தேன். வாயெல்லாம் சேறு. இடுப்பு கம்பியில் மோதியது. கால்வாய் என்னை இழுக்க, என் வீட்டுக்காரர் கூந்தலைப் பிடித்து மேலே இழுத்தார். ஒரு கையால் என்னைக் கம்பியோடு அணைத்துக்கொண்டு மறு கையால் கிராணியாரின் முகத்தில் குத்தினார்.

"யாருக்குடா குனிஞ்ச? அங்க எவன்டா இருக்கான்?"

மூக்கு உடைந்து ரத்தம் தண்ணீரில் கொட்டியது. கிராணியார் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. காலிச் சாவடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "பழக்கத்தில..." என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. எட்டிய கையால் அவர் கன்னத்தைப் பிறாண்டினேன். என் பிள்ளையைக் கொன்றுவிட்டான் பாவி என்றுதான் நினைத்தேன்.

அப்போது வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. "உசிரு இருக்கு" என்று கத்தினேன்.

கம்பியில் மாட்டிக் கிடந்த பலகையில் மறுபடி என்னை ஏற்றினார்கள். முன்பக்கம் தூக்க அவரை விட்டால் வேறு ஆள் ஏது? "இன்னொரு தடவை குனிஞ்சே, இங்கேயே முக்கிக் கொன்னுடுவேன்" என்றார் என் வீட்டுக்காரர். கிராணியார் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர் முழங்காலளவுதான். அங்கே நிஜமாகவே ஒரு சிப்பாய் நின்றான். நாள் முழுக்க நனைந்த கோபத்தில் இருந்தவன் எங்களைப் பார்த்துக் குரைத்தான். குனியச் சொல்கிறான் என்று யாருக்கும் விளங்கும். கிராணியார் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராக நின்றார்.

துப்பாக்கிக் கட்டை அவர் தாடையில் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அடுத்த அடி விலாவில், அதற்கடுத்தது பின்மண்டையில். ரத்தத்தோடு பல்லைத் துப்பினார். என் காலடியில் பலகை நடுங்கியது, ஆனால் சரியவில்லை.

"கிராணியாரே, குனிஞ்சிருங்க!" என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து அழுதுகொண்டே கத்தினார். "நான் எப்படியாச்சும் பிடிச்சுக்கிறேன், குனிஞ்சிருங்க!"

அவர் கேட்கவில்லை. அடித்து அடித்துக் கை ஓய்ந்து சிப்பாயே எட்டிப் போனான். கிராணியார் தள்ளாடியபடி வராந்தாவில் ஏறினார். திரும்பி நின்று, என் முகத்தைப் பார்த்தபடி பலகையை இறக்கக் குனிந்தார். இடுப்புதான் மடங்கியது, முதுகு வளையவில்லை, எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே. பலகை அலுங்காமல் தரையில் உட்கார்ந்தது. அவர் அப்படியே முன்னால் சாய்ந்து என் காலடியில் முகம் பதித்தார்.

நர்சுகள் என்னை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "நிமிருங்க கிராணியாரே, நிமிருங்க" என்று என் வீட்டுக்காரர் அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது கதவு மூடும்வரை கேட்டது.

என் மகன் பிழைத்துக்கொண்டான். கிராணியார் நிமிரவேயில்லை.