பாலக்காட்டுக்காரி

மூன்று மலையாளப் படங்களிலும் ஷைனிக்குத் தமிழ்க் கூலிக்காரி வேஷம்தான் கொடுத்தார்கள். முதல் தமிழ்ப் படத்துக்கோ அவள் பாலக்காட்டுப் பெண்ணாக வேண்டியிருந்தது. கேரளத்து முகம்தான் வேண்டும் என்று கம்பெனி கேட்டதால் மேனேஜர் ஆண்டனிராஜ் அப்படிச் சொல்லிவைத்திருந்தார்.

"செட்ல வாயத் தொறக்காத. தொறந்தா இழுத்து இழுத்துப் பேசு. கண்டுபிடிச்சா மறுநாளே வேற ஆள வச்சிருவானுக."

ஒரு மாதம் அப்படியே ஓட்டினாள். பிறகு படப்பிடிப்பு திண்டுக்கல்லை ஒட்டிய தாடிக்கொம்புக்கு வந்தது. தக்காளி பறிக்கும் கூட்டத்துக்காகத் திண்டுக்கல் மேட்டுப்பட்டியிலிருந்து பதினைந்து பெண்களை வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். ஷைனி பிறந்து வளர்ந்த தெருவே அதுதான். கூட்டத்தில் செபாஸ்தியம்மாள் நின்றாள். ஷைனியின் அம்மா அன்னாளோடு வெங்காயப் பேட்டையில் இருபது வருஷம் வெங்காயம் ஆய்ந்தவள்.

"ஏத்தா, நீ நம்ம அன்னாள் மகதான?"

"எனிக்கறியில்லா. ஞான் பாலக்காடு."

செபாஸ்தியம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "சரித்தா" என்று போய்விட்டாள்.

அந்தச் 'சரித்தா'தான் ஷைனியை அரித்தது. பெண்கள் ரெண்டு பேர் தலையைச் சேர்த்தால் தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. ஆண்டனிராஜ் போனோடு வரப்பில் ஒதுங்கினால் அதற்கும் ஏதோ காரணம் இருக்கும் என்று தோன்றியது.

மத்தியானம் உதவி இயக்குநர் தமிழ்மதி வசனத் தாளோடு வந்தாள். "மேடம், மனப்பாடம் பண்ண வேணாம். வாய் அசைஞ்சாப் போதும். வாய்ஸ் குடுக்க சென்னைல ஆள் போட்டாச்சு. உங்க வேஷம் திண்டுக்கல் பொண்ணுல்ல, அந்தப் பேச்சு வரணும்னு அவங்க ரெண்டு வாரமா ட்ரெய்னிங் எடுக்குறாங்க."

ஷைனி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். ஆண்டனிராஜைப் பார்த்தாள். அவர் தக்காளிச் செடியைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரியும்.

நேரே டைரக்டர் முகேஷ்குமாரிடம் போனாள். "சார், நான் மேட்டுப்பட்டிக்காரி. நானே பேசுறேன்."

ஜேப்படிக்காரியைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்தார். "இந்தப் பேச்ச எத்தன நாளா பழகினீங்க? ஆண்டனி சொல்லிக் குடுத்தாரா?"

"இந்தா நிக்கிற செபாஸ்தியம்மாளக் கேளுங்க."

செபாஸ்தியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இந்தப் புள்ளையா? பாலக்காடு சார். காலைல அதுதான் சொல்லுச்சு."

"அத்தை, வெளையாடாத."

"எனக்கு எவ மருமக?"

ஷைனிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "ஓஹோ. போன மாசம் எங்க வீட்ல சோத்துக்கு வெஞ்சனம் வாங்கிட்டுப் போன கிண்ணம் யாரு வீட்ல இருக்கு? எங்காத்தா காச்சல்ல கெடக்கயில அவ கூடையவும் சேத்து ஆஞ்சு குடுத்தது நீதான? மூஞ்சியப் பாரு, தெரியாதாம்ல."

"கிண்ணமாடி இப்பப் பெருசு? வெங்காயச் சருகுல பெரண்டவளுக்குப் பாலக்காடு கேக்குதோ? உங்காத்தா காதுல விழுந்தா வெளக்கமாறு பிஞ்சிரும்."

"பிய்யட்டும். நீயே எடுத்துக் குடு."

மற்ற பதினாலு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தமிழ்மதி வசனத் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருந்தாள்.

முகேஷ்குமார் சிரிக்கவில்லை. "அப்ப ஒரு மாசமா என்கிட்டயே நடிச்சிருக்க" என்றார். பிறகு தமிழ்மதியிடம், "சென்னைக்குப் போன் போடு. அந்தப் பொண்ண வர வேணாம்னு சொல்லிறாத. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லு. இவ மேல எனக்கு இன்னும் நம்பிக்கை வரல."

ஷைனி வசனத் தாளைக் கேட்டு வாங்கினாள். முதல் வரியைப் படித்தாள்.

"இப்பிடி இங்க எவளும் பேச மாட்டா சார்" என்றாள்.