பாராசூட் மடித்தவள்

எங்கள் போர் விமானப் பயிற்சிப் பிரிவுக்கு அறுபதாம் ஆண்டு விழாவாம். கென்னாதி பாவ்லோவிச் அதன் வரலாற்றை எழுதுகிறாராம். அந்த மனிதர் சும்மா எதையும் எழுதமாட்டார். பாராசூட் கூடத்தில் நான் மடிப்பதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் அவர். 1979-இல் கேப்டன் ஜெனிஷ்பெக் செத்த வாரமே என்னை உணவுக்கூடத்துக்குத் தூக்கிப் போட்டவரும் அவர்தான். விசாரணையில் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்தாரோ! இப்போது அதை அச்சிலும் ஏற்றிவிட்டால் இந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவேன்?

போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்து எடுத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்து எழுதும் விமானத் தளத்து நினைவறைக்குப் போனேன்.

"என்ன சோனுன், நாப்பத்தஞ்சு வருஷமா என் பக்கமே எட்டிப் பாக்காதவ பலகாரத்தோட வந்திருக்கே? விஷம் கிஷம் வச்சிருக்கியா?"

"உங்க வயித்துக்குள்ள போனா அந்த விஷம்தான் சாகும். எழுதினதைக் காட்டுங்க."

சிரித்துக்கொண்டே காகிதக் கட்டை நீட்டினார். இவ்வளவு சுலபமாகத் தருகிறாரே, வேறு கட்டு எங்காவது ஒளித்திருக்கிறாரோ? முதல் மிக் விமானம் இறங்கியது, பயிற்சிக்கு வந்த அங்கோலாக்காரர்கள் குதிரைப் பால் குடித்து முகம் சுளித்தது எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனேன். 1979 வந்தது.

"கேப்டன் ஜெனிஷ்பெக், எஞ்சின் நின்ற விமானத்திலிருந்து தாமதமாகக் குதித்தார். பாராசூட் விரிய உயரம் போதவில்லை."

என் பெயர் இல்லை. அப்பாடா!

ஆனால் அது பொய். அவர் நல்ல உயரத்தில் குதித்ததை நான் ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்தேன். பாராசூட்தான் பாதியில் சிக்கிக்கொண்டது.

மடிப்பு கலையாமலிருக்கத் துணிமேல் ஐந்து சிறு மணல் பைகள் வைப்போம். ஒவ்வொன்றிலும் அவரவர் மேசை எண் தைத்திருக்கும். மடித்து முடித்ததும் ஐந்தையும் வரிசையாக அடுக்கி, சத்தமாக எண்ணிக் காட்ட வேண்டும். அவருடைய பாராசூட்டை மடித்த அன்று என்னிடம் நான்குதான் இருந்தன. ஐந்தாவது மடிப்புக்குள் மாட்டியிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தால் வீட்டுக்குப் போகும் வண்டி போய்விடும். எங்காவது கீழே விழுந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, பக்கத்து மேசைப் பை ஒன்றை எடுத்து வைத்து "அஞ்சு" என்றேன்.

"அவர் நல்ல உயரத்துலேருந்துதான் குதிச்சார், கென்னாதி பாவ்லோவிச்."

"தெரியும். சிக்கின துணியிலேருந்து உன் பையை எடுத்தவனே நான்தான். யாரும் பாக்குறதுக்குள்ள சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன்."

"என்னைக் காப்பாத்தவா?"

"ஆசையைப் பாரு! மேசை நம்பரைப் பாக்காம கையெழுத்துப் போட்டவன் நான். என் கழுத்தும்தான் மாட்டியிருக்கும். உன்னைக் கூடத்துல வச்சிருந்தா நீ என்னிக்காவது உளறிடுவியோன்னுதான் சமையலுக்கு அனுப்பினேன்."

அதற்குப் பிறகு பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவனுக்கும், "ஜெனிஷ்பெக் மாதிரி யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்காதே, குதி" என்றுதான் பாடம் நடத்தினார்கள். சூப் ஊற்றிக்கொண்டே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கு மேடையில இந்தப் பக்கத்தை வாசிக்கப்போறது ஜெனிஷ்பெக்கோட பொண்ணு நுர்ஜமால்" என்றார். "இன்னிக்கு நாலு மணி பஸ்ல வர்றா."

அவர் பேனாவைப் பிடுங்கி, அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன்.

"பைத்தியமா உனக்கு? கிழவி ஆன பிறகு இது தேவையா?"

வெளியே போனதும் கிழித்துவிடுவார். எனக்குத் தெரியாதா அவரை? அந்தப் பக்கத்தை உருவிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

நுர்ஜமால் இறங்கினாள். அப்பாவின் அதே முகவாய். நான் யார் என்று சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"அப்பா தாமதிக்கலம்மா. தப்பு என்னோடது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் குதிச்சிருந்தா நம்மகிட்ட வந்திருப்பாரே, நாம வேணாம்னு நினைச்சாரான்னு கேட்டுக் கேட்டு, அவர் மேல கோபத்தோடவே எங்கம்மா போய்ச் சேந்தாங்க" என்றாள். "போன வருஷம்தான்."