விழிப்பு மதிப்பெண்

டிரைவருக்குப் பிறவியிலேயே அரைக்கண். அம்மாவுக்கும் அப்படித்தான், இரண்டு அக்காக்களுக்கும் அப்படித்தான். அவர்கள் வீட்டுக் குரூப் போட்டோவைப் பார்த்தால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரிசையாக நின்றபடியே கண்ணயர்ந்தவர்கள் போலிருக்கும். அந்த அரைக்கண்ணை வைத்துக்கொண்டுதான் இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. டிப்போவில் யாராவது 'அரைக்கண்' என்று கூப்பிட்டால், சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

ஸ்டியரிங்குக்கு மேலே அந்தக் கேமரா வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும். டிரைவரின் இமை கொஞ்சம் தாழ்ந்தாலும் போதும், "ஓட்டுநரே, தூங்காதீர்கள்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தும். சாயங்காலம் மதிப்பெண் போடும். ஐம்பதுக்குக் கீழே போனால் அன்றைக்குச் சிவப்பு. ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு வந்தால் ஸ்டியரிங் பறிபோகும். டிப்போவில் பஸ் கழுவும் கொட்டகையில் ஹோஸ் பிடிக்க வேண்டியதுதான்.

அந்த மாதம் அவருக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு வந்தாகிவிட்டது.

கண் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தார். 'பார்வை நன்றாக உள்ளது, இமை மட்டும் இயற்கையாகவே தாழ்ந்தது' என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். அதைப் பதிவு செய்யக் கம்ப்யூட்டரில் கட்டமே இல்லை என்று தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. ஆனால் 'உருட்டுவிழி' என்று எல்லோரும் அழைக்கும் இன்னொரு டிரைவர், போன வாரம்தான் டிப்போ கேட் தூணில் முட்டியவர், தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணோடு நோட்டீஸ் போர்டில் போட்டோவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தூணைப் பார்த்துக்கொண்டேதான் முட்டினாராம்.

அன்று காலை மனைவிதான் வழி சொன்னாள். கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். மெல்லிய பிளாஸ்திரியைத் துண்டாக வெட்டி, அவர் இமைகளைப் புருவத்தோடு இழுத்து ஒட்டினாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை இப்படி முழிச்சுப் பார்க்கலையே நீங்க."

"சிரிக்க வைக்காத. பிச்சுக்கும்."

பஸ் கிளம்பியது. கேமரா வாயே திறக்கவில்லை. கண்டக்டர் பெண் டிக்கெட் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பேயைக் கண்ட மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"பேய் மேலே மாட்டியிருக்கு தங்கச்சி. நீ டிக்கெட்டைக் கொடு."

மார்க்கெட் திருப்பம் வரைக்கும் எல்லாம் சரியாகவே போனது. அங்கே ஒரு மணல் லாரி முந்திக்கொண்டு போயிற்று. வாரியிறைத்த மண், திறந்திருந்த ஜன்னல் வழியாக நேரே அவர் கண்ணில் விழுந்தது. இமைக்கப் பார்த்தார், இமை வரவில்லை. தண்ணீர் கொட்டி ரோடே கரைந்துபோனது. அந்தக் கலங்கலுக்குள் ஏதோ சிவப்பாக அசைந்தது. பிரேக்கை மிதித்தார்.

பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் உறைந்துபோய் நின்றார். அவர் பையிலிருந்த வெங்காயம் ரோடெல்லாம் உருண்டது.

அப்போது கேமரா இனிமையான குரலில் சொன்னது: "வாழ்த்துகள். உங்கள் கவனம் நூறு சதவீதம்."

டிரைவர் இரண்டு பிளாஸ்திரிகளையும் பிய்த்தார். புருவ முடியும் கூட வந்தது. இறங்கிப் போய் சிவப்புச் சட்டைக்காரரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுநரே, தூங்காதீர்கள்."

"அண்ணே, மூணாவது சிவப்பாயிடும்," என்றாள் கண்டக்டர் மெல்ல.

"ஆகட்டும். ஆளைக் கொன்னு வாங்குற நூறு எனக்கு வேண்டாம்."

அன்றைய பாக்கி ட்ரிப் முழுக்க அது கத்திக்கொண்டே வந்தது. அவர் ஒரு குலுங்கல்கூட இல்லாமல் ஓட்டினார்.

சாயங்காலம் டிப்போ மேனேஜர் சிவப்புச் சீட்டை நீட்டினார். "காலையில நூறு. பத்தேகாலுக்கு அப்புறம் ஒரேயடியாத் தூங்கியிருக்கீங்களே."

"பத்தேகாலுக்கு அப்புறம்தான் சார் எனக்குக் கண்ணே தெரிஞ்சுது." பிளாஸ்திரியை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் புரியுது. ஆனா மெஷின் சொல்றதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்?"

"ஒரு நிமிஷம் வண்டிக்கு வாங்க."

மேனேஜரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் திருகினார். மேனேஜரின் மூக்குக்கண்ணாடியில் மாலை வெயில் பளிச்சென்று அடித்தது. கேமரா யோசித்துவிட்டுச் சொன்னது: "இருக்கையில் ஓட்டுநர் இல்லை."

படியில் நின்ற கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். அவர் இல்லவே இல்லை என்று கேமரா அடித்துச் சொன்னது.

"உங்களை இல்லைங்குது, என்னைத் தூங்குறேங்குது," என்றார் டிரைவர். "இது பேச்சைக் கேட்டுத்தான் என் கையில ஹோஸைக் கொடுக்கப் போறீங்களா?"

மேனேஜர் கண்டக்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிளாஸ்திரி மிச்சம் இருந்தா கேமரா மேல ஒட்டிட்டு ஓட்டுங்க. நான் கண்டுக்கல," என்றார்.

"நீங்க கண்டுக்கல. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து கண்டுக்குவார். அப்போ ஒட்டினவன் நான்தான்னு எழுதுவாங்க. எழுத்துல கொடுங்க சார்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்புச் சீட்டை அடித்துவிட்டு, அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்: 'கேமரா பழுது...'

டிரைவர் குனிந்து படித்தார்.

"பழுதில்லை சார். பழுதுன்னா நாளைக்கே புதுசு ஒண்ணு மாட்டிட்டுப் போயிடுவாங்க. நல்லா இருக்கிற கேமராதான் தப்பாச் சொல்லுதுன்னு எழுதுங்க. கீழே உங்க கையெழுத்து, தேதி. உங்களை இல்லைன்னு சொன்னதையும் சேர்த்துக்குங்க."

மேனேஜர் 'பழுது' என்பதை அடித்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, கண்ணெதிரே கேமரா ஆளில்லை ஆளில்லை என்று கத்திக்கொண்டிருக்க, மேனேஜர் முழுசாக எழுதி முடித்தார். அதுவரை டிரைவர் பக்கத்திலிருந்து நகரவில்லை.